கேம் சர்வருக்கு லினக்ஸா, விண்டோஸா?

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. ஆர்டர் பக்கத்தில் ப்ராசசர், ரேம், டிஸ்க் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு கடைசியாக ஒரு பெட்டி வரும்: எந்த இயங்குதளம் வேண்டும்? லினக்ஸ் வகைகளில் உபுண்டு இரண்டு மூன்று பதிப்புகள், டெபியன், அல்மா, ராக்கி, ஃபெடோரா, அப்புறம் மாத வாடகை கொஞ்சம் ஏறும் விண்டோஸ் சர்வர். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பாதிப் பேர் "லினக்ஸ்தான், யோசிக்கவே வேண்டாம்" என்பார்கள். மீதிப் பேர் "நமக்குத் தெரிஞ்சது விண்டோஸ், அதையே போடு" என்பார்கள். என்ன கேம் ஓட்டப் போகிறீர்கள் என்று இரண்டு தரப்பிலும் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சர்வர் மென்பொருளை எந்த இயங்குதளத்துக்கு வெளியிடுவது என்பது கேமை உருவாக்கியவர்களின் முடிவு. நம் விருப்பு வெறுப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் எடுபடும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டீம் ஃபோர்ட்ரஸ் 2, கேரிஸ் மோட், ரஸ்ட், வால்ஹைம், பால்வேர்ல்ட், சேட்டிஸ்ஃபாக்டரி, ஃபாக்டோரியோ, டெரேரியா ஆகியவற்றுக்கு இரண்டு பக்கமும் அதிகாரபூர்வ சர்வர் உண்டு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு ஜாவா ஓடினால் போதும். மைன்கிராஃப்ட் பெட்ராக்கின் சர்வரை விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் என்று பெயர் சொல்லியே தருகிறார்கள். மற்ற லினக்ஸ்களில் பெரும்பாலும் ஓடும், ஓடாவிட்டால் கேட்க ஆளில்லை.

வி ரைசிங், என்ஷ்ரவுடட், சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட், ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் போன்றவை இன்னொரு வகை. இவற்றின் சர்வர் விண்டோஸுக்கான எக்ஸி கோப்பாக மட்டுமே வந்திருக்கிறது. ஆர்க் கேமின் கதை இதில் தனி. பழைய ஆர்க்: சர்வைவல் இவால்வ்டுக்கு லினக்ஸ் சர்வர் இருந்தது. 2023 அக்டோபரில் வந்த சர்வைவல் அசெண்டட், அன்ரியல் இன்ஜின் 5-க்குப் போனபோது விண்டோஸ் சர்வரோடு நின்றுவிட்டது. முந்தைய பாகம் லினக்ஸில் நன்றாக ஓடியதே என்று நம்பி மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த கேமின் அதிகாரபூர்வ சர்வர் வழிகாட்டியை ஒரு முறை படித்துவிடுவது நல்லது. லினக்ஸ் என்ற பேச்சே அதில் இல்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது மோட்கள், அதாவது கேமை மாற்ற மற்றவர்கள் எழுதித் தரும் சேர்க்கைகள். வெறும் கேமை ஓட்டுபவர்கள் குறைவு; எல்லோருக்கும் ஏதாவது மோட் வேண்டும். டீம் ஃபோர்ட்ரஸ் 2 போன்றவற்றுக்கான சோர்ஸ்மோட் இரண்டு பக்கமும் ஓடும், ரஸ்டுக்கான ஆக்ஸைடும் அப்படியே. வால்ஹைமுக்கு மோட் ஏற்றும் பெப்பின்எக்ஸை லினக்ஸில் போட, துவக்க ஸ்கிரிப்டைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தகராறு வருவது ஆர்மா 3 போன்ற இடங்களில். விண்டோஸுக்குக் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. லினக்ஸுக்கு உண்டு. மோட் எழுதியவர் விண்டோஸில் உட்கார்ந்து ஃபோல்டருக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டு, உள்ளே சிறிய எழுத்தில் அழைத்திருப்பார். அவர் கணினியில் எந்தச் சிக்கலும் தெரியாது. லினக்ஸ் சர்வரோ "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று சொல்லிவிடும். அதனால்தான் லினக்ஸில் ஆர்மா 3 நடத்துகிறவர்கள் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மோட் கோப்புகளின் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். ஐம்பது மோட் போட்டு ஆர்மா நடத்துவதானால் விண்டோஸ் எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை.

கேம் இரண்டிலும் ஓடும், மோட் சிக்கலும் இல்லை என்றால் என் ஓட்டு லினக்ஸுக்குத்தான். அதற்கு எல்லோரும் சொல்லும் முதல் காரணம் வேகம். அது பாதி பழங்கதை.

அந்தப் பழங்கதைக்குப் பின்னால் ஒரு உண்மை இருந்தது. விண்டோஸின் உள் கடிகாரம் இயல்பாக 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் துடிக்கும். ஹாஃப்-லைஃப், கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 காலத்து சர்வர் அதைவிட நுணுக்கமாக இயங்க விரும்பினாலும் முடியாது. ஆனால் ஏதாவது ஒரு நிரல் கேட்டுக்கொண்டால் விண்டோஸ் அந்த இடைவெளியை 1 மில்லிசெகண்டுக்குக் குறைக்கும். விண்டோஸ் மீடியா பிளேயர் அப்படிக் கேட்கும் நிரல். ஆகவே அந்தக் கால அட்மின்கள் சர்வரில் பாட்டு எதுவும் போடாமல் மீடியா பிளேயரைத் திறந்து மட்டும் வைத்திருப்பார்கள்! லினக்ஸ் பக்கம் இருந்தவர்கள் அதன் மையமான கர்னலை 1000 ஹெர்ட்ஸுக்கு மாற்றித் திரும்பக் கம்பைல் செய்துகொண்டிருந்தார்கள். இன்றைய கேம் இன்ஜின்கள் தேவையான நேரத் துல்லியத்தைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஒரே இயந்திரத்தில் ஒரே கேமை இரண்டு இயங்குதளத்திலும் ஓட்டினால், விளையாடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம். பெரும்பாலான கேம் சர்வர்கள் ப்ராசசரின் ஒரே கோரைத்தான் பிழிந்தெடுக்கும். அந்த ஒரு கோரின் வேகம்தான் விஷயம்.

பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், லினக்ஸில் குறையும் என்பதும் அப்படித்தான். சென்னையில் இருப்பவருக்கு பிங்கைத் தீர்மானிப்பது சர்வர் மும்பையில் இருக்கிறதா, சிங்கப்பூரில் இருக்கிறதா, ஃபிராங்ஃபர்ட்டில் இருக்கிறதா என்பது. லினக்ஸில் பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையை இயக்கினால் லேக் போய்விடும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது டிசிபி என்ற தகவல் அனுப்பும் முறைக்கான ஏற்பாடு. ஏறக்குறைய எல்லா கேம்களும் யுடிபி என்ற இன்னொரு முறையில் பேசுகின்றன. மைன்கிராஃப்ட் ஜாவா, டெரேரியா போன்ற சில டிசிபி என்பதால் அங்கே வேண்டுமானால் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் லினக்ஸின் உண்மையான ஆதாயம் எங்கே? முதலாவது பணம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் உரிமம் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. உங்கள் இயந்திரத்தில் ஆறு கோர்தான் இருந்தாலும் குறைந்தபட்சம் 16 கோருக்குப் பணம் கட்ட வேண்டும். வாடகை சர்வரில் இதை மாதக் கட்டணமாகச் சேர்த்துவிடுவார்கள். சின்ன விபிஎஸ் (பெரிய இயந்திரத்தில் ஒரு பங்கு) என்றால் சர்வர் வாடகையைவிட உரிமம் பெரிதாகத் தெரியும். 180 நாள் சோதனைப் பதிப்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. கெடு முடிந்ததும் அது மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். சனிக்கிழமை இரவு பாஸ் சண்டையின் நடுவே அது நடக்கும்போது யோசனை சொன்னவர் ஆன்லைனில் இருக்க மாட்டார்.

இரண்டாவது ரேம். டெஸ்க்டாப் இல்லாத டெபியன் சும்மா இருக்கும்போது சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். டெஸ்க்டாப்புடன் கூடிய விண்டோஸ் சர்வருக்குக் குறைந்தது 2 ஜிபியாவது ஒதுக்கி வைக்க வேண்டும். 64 ஜிபி இயந்திரத்தில் இது பேசவே தேவையில்லாத சமாச்சாரம். 4 ஜிபி விபிஎஸ்ஸில் வால்ஹைம் ஓட்டப் பார்ப்பவருக்கு இதுதான் எல்லாமே.

மூன்றாவது, என்னைப் பொறுத்தவரை முக்கியமானது: யாரும் பார்க்காதபோது சர்வர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது. லினக்ஸில் நிரல்களைத் துவக்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டிக்கு ஒரு சிறிய கோப்பு எழுதினால் போதும். சர்வர் விழுந்தால் எழுப்பு, இயந்திரம் ரீஸ்டார்ட் ஆனால் கேமையும் துவக்கு, ரேம் இந்த அளவைத் தாண்டினால் நிறுத்து, முழு அதிகாரமுள்ள ரூட்டாக ஓடாமல் தனிப் பயனராக ஓடு. எல்லாம் பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும். பால்வேர்ல்ட் 2024 ஜனவரியில் வந்தபோது அதன் சர்வர் நேரம் ஆக ஆக ரேமைத் தின்றுகொண்டே போகும். தினமும் விடியற்காலையில் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யும் டைமரைப் போட்டுவிட்டுப் பலரும் நிம்மதியாக இருந்தார்கள். இந்த டைமர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். நேர மண்டலத்தை மாற்றாமல் விடியற்காலை 4 மணி என்று எழுதினால், நம் நேரத்துக்குக் காலை 9.30 மணிக்கு ரீஸ்டார்ட் ஆகும்.

நிறுத்தும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிஸ்டம்டி இயல்பாக அனுப்பும் நிறுத்தச் சிக்னல் ஒன்று. வால்ஹைம் சர்வரை நிறுத்தச் சொல்லித்தரப்படும் வழியோ கன்ட்ரோல்-சி. அதற்கு இணையான சிக்னலை அனுப்பும்படி அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால், உலகத்தைச் சேமித்துவிட்டு அமைதியாக மூடிக்கொள்ளும். விண்டோஸிலும் இதே கதைதான். கன்சோல் ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் கடைசியாகக் கட்டிய கோட்டைச் சுவர் காணாமல் போகலாம்.

விண்டோஸில் இந்தக் கன்சோல் ஜன்னல் இன்னொரு வேலையும் செய்யும். ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போகிறீர்கள். கருப்பு ஜன்னலில் வரிகள் ஓடுகின்றன. ஜன்னலை முன்னுக்குக் கொண்டுவர அதன் நடுவில் ஒரு கிளிக். அவ்வளவுதான், சர்வர் உறைந்துவிடும். பழைய கன்சோலில் குயிக்எடிட் என்ற வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கிளிக் செய்தால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, நிரல் திரையில் எழுதுவதை நிறுத்தி வைக்கும். சர்வர் அடுத்த வரியை எழுத முயன்று அங்கேயே நிற்கும். விளையாடுகிறவர்கள் எல்லோரும் டைம்அவுட் ஆவார்கள். ஜன்னலின் தலைப்பில் "செலக்ட்" என்று ஒரு சொல் முளைத்திருப்பதுதான் ஒரே அடையாளம். எண்டர் தட்டினால் மறுபடி உயிர் வரும். விண்டோஸில் சர்வர் நடத்துவதாக இருந்தால் முதல் வேலையாகக் குயிக்எடிட்டை அணைத்துவிடுங்கள். அப்படியே, ரிமோட் டெஸ்க்டாப்பிலிருந்து வெளியே வரும்போது ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மட்டும் மூடி வெறும் டிஸ்கனெக்ட் செய்ய வேண்டும். சைன் அவுட் கொடுத்தால் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருந்த கேமும் சேர்ந்து போய்விடும். கேமைப் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸாக மாற்றி வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. என்எஸ்எஸ்எம் போன்ற சின்னக் கருவிகள் அதற்காகவே இருக்கின்றன.

விண்டோஸில் கிடைக்காத லினக்ஸ் வசதி ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபாக்டோரியோவில் தொழிற்சாலை பெரிதாகிவிட்டால் ஆட்டோசேவ் நடக்கும் ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் திரை சில விநாடி நிற்கும். லினக்ஸ் சர்வரில் இதற்கு ஒரு அமைப்பு உண்டு. சேவ் செய்யும் நேரத்தில் சர்வர் தன்னையே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். நகல் உட்கார்ந்து டிஸ்கில் எழுதும், அசல் ஆட்டத்தைத் தொடரும். இது யுனிக்ஸ் வழிவந்த ஃபோர்க் என்ற வசதியை நம்பி எழுதப்பட்டது. விண்டோஸில் அப்படி ஒன்று இல்லாததால் அங்கே கிடைக்காது. கொஞ்சம் கூடுதல் ரேம் செலவாகும். ஃபாக்டோரியோவுக்காகவே சர்வர் எடுப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் லினக்ஸுக்குப் போகலாம்.

சரி, கேம் விண்டோஸுக்கு மட்டும் என்றால் லினக்ஸை மறந்துவிட வேண்டியதுதானா? அவசியமில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன், புரோட்டான் வழியாக வி ரைசிங், என்ஷ்ரவுடட், ஆர்க் அசெண்டட் சர்வர்களை லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். சர்வருக்குப் படம் வரைகிற வேலை இல்லை என்பதால், கேமையே வைனில் ஓட்டுவதைவிட இது எளிது. திரை இல்லாத இயந்திரத்தில் சில சர்வர்கள் ஒரு ஜன்னலைத் திறக்க அடம்பிடிக்கும். எக்ஸ்விஎஃப்பி என்ற பொய்த்திரை ஒன்றைக் காட்டினால் திருப்தியாகிவிடும். வேண்டியதையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும் டாக்கர் இமேஜ்களும் தயாராகக் கிடைக்கின்றன.

என் கருத்து இதுதான்: ஏற்கெனவே ஒரு லினக்ஸ் சர்வர் வைத்திருக்கிறீர்கள், அதில் இன்னும் மூன்று கேம் ஓடுகிறது, புதிதாக ஒரு வி ரைசிங் சேர்க்க வேண்டும் என்றால் வைன் போதும். ஆர்க் அசெண்டட் ஒன்றுக்காகவே, அதுவும் அதன் சர்வருக்குள் டிஎல்எல் என்ற விண்டோஸ் நூலகக் கோப்பை நுழைத்து வேலை செய்யும் பிளகின்களோடு, புதிதாகச் சர்வர் எடுப்பதாக இருந்தால் விண்டோஸ் எடுத்துவிடுங்கள். கேம் அப்டேட் ஆகி ஏதாவது உடைந்தால், குற்றம் கேமிலா, பிளகினிலா, வைனிலா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். உருவாக்கியவர்களிடம் முறையிட்டால் "நாங்கள் லினக்ஸை ஆதரிக்கவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

இனி லினக்ஸ் என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்த தலைவலி: எந்த லினக்ஸ்?

டெபியனும் உபுண்டுவும்தான் உண்மையான போட்டி. இரண்டும் ஒரே குடும்பம், நிரல்களை நிறுவ ஒரே ஏபிடி. கேம் சர்வர் வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. நடு இரவில் ஒரு பிழைச் செய்தியைத் தேடும்போது இதன் அருமை தெரியும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ் இரண்டு ஆண்டுக்கொரு முறை வருகிறது, ஐந்து ஆண்டு ஆதரவு. சொந்தப் பயன்பாட்டுக்கு உபுண்டு ப்ரோ ஐந்து இயந்திரம் வரை இலவசம் என்பதால் அதைப் பத்து ஆண்டாக நீட்டிக்கலாம். டெபியனுக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, மேலே இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு. டெபியன் மெலிந்தது, கேட்காத எதையும் நிறுவாது. உபுண்டுவில் நிரல்களை நிறுவும் இன்னொரு முறையான ஸ்னாப் முதலான சில விஷயங்கள் கூடவே வரும். எனக்கு அது பிடிக்காது. ஆனால் பிடிக்காது என்பதைத் தவிர அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் பெரிய வாதம் எதுவும் இல்லை.

சில்லறை விஷயம் போலத் தெரிவதுதான் சில நேரம் முடிவைத் தீர்மானிக்கும். மைன்கிராஃப்ட் 1.18-க்கு ஜாவா 17 போதும். 1.20.5-க்கு வந்தால் ஜாவா 21 கட்டாயம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் சொந்த மென்பொருள் கிடங்கில் இருப்பது ஜாவா 17. ஆகவே அடாப்டியம் போன்ற வெளிக் கிடங்கைச் சேர்க்க வேண்டியிருக்கும். உபுண்டு 24.04-இல் ஜாவா 21 நேரடியாகக் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் கிடைக்கும்.

அப்படியானால் டெபியன் 13-ஐயே போடலாமே என்றால், அங்கே வேறொரு முள். ஸ்டீம் என்ற கேம் கடை வழியாக வரும் சர்வர்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தை நம்பியவை. அது ரொம்பப் பழையதாக இருந்தாலும் ஓடாது, சில நேரம் ரொம்பப் புதிதாக இருந்தாலும் ஓடாது. சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் இருந்த ஜிலிப்சி 2.17. புதிய கேம் சர்வர்கள் அதைப் பார்த்ததுமே மறுத்துவிடும். எதிர்முனையில், டெபியன் 13-இல் உள்ள 2.41 ஒரு பாதுகாப்பு மாற்றத்தைக் கொண்டுவந்தது: ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஸ்டேக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியை இயக்கத்தக்கதாக மாற்றக் கேட்கும் நூலகத்தை ஏற்ற முயன்றால், அது அனுமதிப்பதில்லை. அப்படிக் கேட்கும் குறியோடு பல ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்யப்பட்ட பழைய கேம் நூலகங்கள் இதில் மாட்டிக்கொண்டன. மாற்று வழிகள் உண்டு, ஆனால் வார இறுதியில் விளையாட உட்கார்ந்தவர் எதற்கு அதில் போய் விழ வேண்டும்? பழைய சோர்ஸ் இன்ஜின் கேம்களை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது உபுண்டு 24.04 அல்லது டெபியன் 12. வந்து ஓராண்டாவது ஆன பதிப்பைப் போடுவது கேம் சர்வர் உலகில் நல்ல பழக்கம்.

ஸ்டீம் சர்வர்களை இறக்கித் தரும் ஸ்டீம்சிஎம்டியும் ஒரு பழைய ஆசாமிதான். இன்றைக்கும் அது 32-பிட் நிரல். 64-பிட் டெபியனிலோ உபுண்டுவிலோ 32-பிட் கட்டமைப்பை முதலில் சேர்த்துவிட்டுத்தான் அதை நிறுவ முடியும். இதைச் செய்யாமல் ஓட்டினால், கண் முன்னால் இருக்கும் கோப்பையே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று லினக்ஸ் சொல்லும். முதல் முறை பார்ப்பவருக்குப் பைத்தியமே பிடிக்கும். உண்மையில் அது தேடுவது அந்த நிரலை ஏற்றும் 32-பிட் லோடரை.

அல்மா, ராக்கி இரண்டும் ரெட் ஹேட் என்ற நிறுவனத்தின் லினக்ஸ் வழி வந்தவை. அதே வழியில் இலவசமாகக் கிடைத்த சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லியிருந்ததை மாற்றி, 2021 கடைசியோடு முடித்துக்கொண்டபோது, அந்த இடத்தை நிரப்ப 2021-இல் வந்தவை. பத்து ஆண்டு ஆதரவு, நிதானமான போக்கு. அலுவலகத்தில் இவற்றோடு பழகியவர்கள் தயங்காமல் போடலாம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கேம் வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு பேக்கேஜ் பெயரையும் மனதுக்குள் மாற்றிக்கொண்டே போக வேண்டும், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேறு குறுக்கே நிற்கும். மேலும் ரெட் ஹேட் தன் 10-ஆம் பதிப்பில் 32-பிட் நூலகங்களைக் கைவிட்டுவிட்டது. ஸ்டீம்சிஎம்டி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான் ஆயுள், சர்வருக்கு வேண்டாம். ஆர்ச் வேண்டாம். ஆல்பைனில் ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்ற வேறு நூலகம் இருப்பதால் ஸ்டீம் சர்வர்கள் நேரடியாக ஓடாது.

ஏஆர்எம் வகை ப்ராசசர் உள்ள மலிவான சர்வர்களையும், ஓரக்கிள் கிளவுட் இலவசமாகத் தருகிற ஏஆர்எம் இயந்திரங்களையும் பலர் கேட்கிறார்கள். அவற்றில் லினக்ஸ் தவிர வேறு பேச்சில்லை. மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு அவை அருமையாக இருக்கும், ஏனென்றால் ஜாவாவுக்கு எந்த ப்ராசசர் என்பது பொருட்டே இல்லை. ஸ்டீம் சர்வர்கள் எக்ஸ்86-க்கு, அதாவது வழக்கமான இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களுக்கு எழுதப்பட்டவை. பாக்ஸ்64 போன்ற மொழிபெயர்ப்புக் கருவி வைத்து வால்ஹைமை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதில் வேகமும் கொஞ்சம் போகும், பொறுமையும் நிறையப் போகும்.

கட்டளை வரியைப் பார்த்தாலே பயம் என்பவர்கள் அதற்காக மட்டும் விண்டோஸுக்குப் போக வேண்டியதில்லை. லினக்ஸ்ஜிஎஸ்எம் என்ற கருவி ஒன்றிரண்டு எளிய கட்டளைகளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கேம் சர்வர்களை நிறுவி, அப்டேட் செய்து, பேக்கப் எடுத்துத் தரும். டெரோடாக்டில் என்ற பேனல் என்றால் பிரவுசரிலேயே எல்லாம். நண்பர்களுக்குத் தனித்தனி லாகின் கொடுத்து "நீ ரீஸ்டார்ட் மட்டும் செய்யலாம்" என்று வரம்பு வைக்கலாம். அது டாக்கரை நம்பி லினக்ஸில் மட்டும் ஓடுவது. ஏஎம்பி என்ற கட்டண பேனல் இரண்டு இயங்குதளத்திலும் உண்டு. டாக்கரோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடி வைத்த போர்ட்டைக்கூட டாக்கர் தன் விதிகளால் வெளியே திறந்துவிடும். தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை அனுப்ப உதவும் ஆர்கான் (RCON) போர்ட்டைத் தெரியாமல் அப்படித் திறந்து வைத்தால், உங்கள் சர்வரின் அட்மின் கடவுச்சொல்லை எவனோ ஊகித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பாதுகாப்பு என்றால், சர்வர் உயிர்பெற்ற சில நிமிடங்களிலேயே கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள், எந்த இயங்குதளமானாலும். லினக்ஸில் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்குச் சாவிக் கோப்பு வைத்துவிட்டுக் கடவுச்சொல் நுழைவை அணைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் 3389 போர்ட்டில் காத்திருக்கும். அதை உலகம் முழுவதற்கும் திறந்து வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயர்கார்ட் போன்ற விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள், அல்லது உங்கள் ஐபிக்கு மட்டும் திறங்கள்.

வீட்டுக் கணினியையே சர்வராக்குவது பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-இல் வால்ஹைம் சர்வரை ஓட்டி நாலு பேர் விளையாடுவதற்கு அது போதும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால் அதை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பகிரும் ஏற்பாடு) இருப்பதால், ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. இது இயங்குதளத்தை மாற்றித் தீர்க்கிற சிக்கலில்லை. தனி ஐபி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் வெளியே சர்வர் எடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பின்னால் மாற முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். உலகத்தின் சேவ் கோப்புகள் பெரும்பாலான கேம்களில் இரண்டு இயங்குதளத்துக்கும் பொதுவானவை. அமைப்புக் கோப்புகள்தான் ஏமாற்றும். பால்வேர்ல்டில் விண்டோஸ் சர்வர் தன் அமைப்புகளை விண்டோஸ்சர்வர் என்ற ஃபோல்டரில் தேடும், லினக்ஸ் சர்வர் லினக்ஸ்சர்வர் என்ற ஃபோல்டரில் தேடும். முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்தால் உலகம் வந்துவிடும், ஆனால் அனுபவப் புள்ளி வேகம், கடவுச்சொல் எல்லாம் இயல்புநிலைக்குப் போயிருக்கும். ஆர்க்கிலும் இதே ஏற்பாடுதான். புரோட்டான் வழியாக ஓடும் ஆர்க் அசெண்டட் மட்டும், லினக்ஸ் இயந்திரத்தில் இருந்தாலும், தன்னை விண்டோஸ் என்றே நினைத்துக்கொண்டு விண்டோஸ்சர்வர் ஃபோல்டரைத்தான் படிக்கும். வால்ஹைமின் உலகங்களோ சர்வர் ஃபோல்டரிலேயே இருக்காது. லினக்ஸில் அவை அந்தப் பயனரின் வீட்டு அடைவில், கான்ஃபிக் என்ற மறைவு ஃபோல்டருக்குள், யூனிட்டி3டி, அயர்ன்கேட் என்று உள்ளே உள்ளே போய்ப் படுத்திருக்கும். பழைய சர்வரின் வாடகையை நிறுத்துவதற்கு முன்னால் அதைத் தனியாக நகலெடுத்து, புதிய சர்வரில் உலகம் திறக்கிறதா என்று உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள்.